இரண்டாம் முறை: இம்ப்ரூவ்மெண்ட் முதல் ரிப்பீட்டர் வரை

எங்கள் வீட்டில் டிவி ஓடி எட்டு மாதம் ஆகிறது. ரிப்பேர் எல்லாம் இல்லை. தங்கை நீட் தேர்வை இரண்டாவது முறையாக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அம்மா போனில் பேசுவதென்றால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். அப்பா கடையை மூடிவிட்டு வந்தால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுகிறார். நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. என் செமஸ்டர் தேர்வுக்கு ஒருநாளும் இந்த மரியாதை கிடைத்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சென்ற மாதம் மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். தங்கையின் மேசையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்ப ரிப்பீட்டர்னு சொல்றீங்க. எங்க காலத்துல இம்ப்ரூவ்மெண்ட்டுன்னு பேரு. நானும் எழுதுனவன்தாண்டா."

எனக்கு இது புதுச் செய்தி. மாமா டாக்டராக ஆசைப்பட்டார் என்பதே தெரியாது. 1996-ல் பிளஸ் டூ முடித்து, மெடிக்கல் கிடைக்காமல், பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே மறுவருடம் இம்ப்ரூவ்மெண்ட் எழுதியிருக்கிறார். மதிப்பெண் ஏறியது. ஆனால் இடம் கிடைக்கிற அளவுக்கு ஏறவில்லை. அத்துடன் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லையாம்.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி நம் ஊரில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் ஒரு மாணவர் அதே படிப்புக்காக இரண்டாம் முறை முயல்கிறாரே, அதற்கென்று தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

நேர்காணல் காலம்

1984-க்கு முன்பு தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை என்பது மதிப்பெண்ணும் நேர்காணலும் சேர்ந்தது. இந்த நேர்காணல் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழக்கைப் பார்த்தால் போதும். 1970-ல் பெரியகருப்பன் என்பவரும் மற்றவர்களும் தமிழ்நாடு அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்போது தேர்வு மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75. மொத்தம் 275. அதில் 75-ஐ நேர்காணலுக்கு ஒதுக்குவது அதிகம் என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகளைத் தனித்தனி யூனிட்டுகளாகப் பிரித்து யூனிட் வாரியாகத் தேர்வு செய்த முறையையும் ஏற்கவில்லை.

இதில் நம் விஷயத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு தேர்வில் தோற்றால் எங்கே தோற்றோம் என்று தெரியும். இயற்பியலில் எட்டு மதிப்பெண் போனது என்றால் அடுத்த முறை இயற்பியலைக் கூடுதலாகப் படிக்கலாம். நேர்காணலில் தோற்றால் என்ன செய்வது? எதற்காக மதிப்பெண் குறைத்தார்கள் என்றே தெரியாது. பரிந்துரை இல்லாததாலா, ஆங்கிலம் தடுமாறியதாலா, சட்டை கசங்கியிருந்ததாலா? தெரியாத தவறை எப்படித் திருத்திக்கொள்வது? ஆக, நேர்காணல் காலத்தில் இரண்டாம் முறை விண்ணப்பிப்பதற்குப் பெரிய அர்த்தம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1984: கதவு திறந்தது

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல், மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. நேர்காணல் போனது. பின்னாட்களில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இந்தத் தேர்வைத்தான் எங்கள் மாமா தலைமுறை 'என்ட்ரன்ஸ்' என்று சொல்கிறது.

மாமா காகிதத்தில் எழுதிக் காட்டிய கணக்கு இது. பிளஸ் டூவில் உயிரியலை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் சுருக்குவார்கள். அது 200. நுழைவுத் தேர்வு 100. மொத்தம் 300. அந்த 300-க்கு நீங்கள் எவ்வளவு என்பதுதான் கட்-ஆஃப். தெருவில் யாரைப் பார்த்தாலும் ஜூன் மாதத்தில் கேட்கிற ஒரே கேள்வி அதுதானாம்.

இம்ப்ரூவ்மெண்ட் என்பது இதன் பக்கத்துக் கதவு. பிளஸ் டூ பாஸ் செய்த மாணவர், மதிப்பெண் போதவில்லை என்றால், அடுத்த ஆண்டு மீண்டும் அதே பாடங்களை எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதலாம். பெயில் ஆனவர்கள் எழுதுவது அல்ல இது. நன்றாகப் படித்து, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கி, அரை மதிப்பெண்ணிலும் ஒரு மதிப்பெண்ணிலும் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் எழுதுவது.

"ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து எழுதுனவங்களும் உண்டு. என்னை மாதிரி காலேஜ்ல பேர மட்டும் போட்டுட்டு எழுதுனவங்களும் உண்டு" என்றார் மாமா. "எங்க பி.எஸ்சி. கிளாஸ்ல முதல் வருஷம் பாதிப் பேர் பையில பிளஸ் டூ புஸ்தகந்தான் இருக்கும்."

ஏன் வெளியூர் போய்ப் பயிற்சி மையத்தில் சேரவில்லை என்று கேட்டேன். தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை என்றார். கூடப் படித்த இருவர் சென்னையில் தங்கிப் படித்தார்களாம். அதில் ஒருவர் இன்று டாக்டர். மாமா அவருடைய மருந்துச் சீட்டுகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2005: கதவு மூடியது

இருபது ஆண்டுகள் ஓடிய இந்த முறைக்கு 2005 ஜூனில் முற்றுப்புள்ளி வைக்க முயன்றார்கள். ஜெயலலிதா ஆட்சி. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, இம்ப்ரூவ்மெண்ட்டும் கிடையாது என்று அரசாணை வந்தது. கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி மையங்கள் எட்டாது, ஆகவே நுழைவுத் தேர்வு அவர்களுக்கு எதிரானது என்பது வாதம். இம்ப்ரூவ்மெண்ட்டுக்கும் அதே வாதம் பொருந்தும். ஒரு வருடம் சும்மா இருந்து படிக்கிற வசதி உள்ளவர், முதல் முறை எழுதுகிறவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார் இல்லையா?

நியாயமான கேள்விதான். ஆனால் அரசாணை வந்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூன். அந்த வருடம் இம்ப்ரூவ்மெண்ட் எழுத நினைத்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு வருடத்தைச் செலவழித்து எழுதி முடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றுவது போல. கொள்கை சரியோ தப்போ, அந்த வீடுகளில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

வழக்குகள் நடந்தன. நுழைவுத் தேர்வை நீக்கிய பகுதி அந்த மாதக் கடைசியிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. அடுத்து 2006-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அதையும் பிப்ரவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஆட்சி மாறியது. கருணாநிதி அரசு பேராசிரியர் எம்.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, புதிய சட்டத்தை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. 2007 மார்ச்சில் ஒப்புதல், ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நுழைவுத் தேர்வு போனது. இரண்டு கட்சிகளும் ஒரே திசையில் போன அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

இம்ப்ரூவ்மெண்ட்டும் திரும்ப வரவில்லை. பழைய வருட மாணவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கையில் இருப்பது முதல் முறை வாங்கிய அதே மதிப்பெண்தான்.

2007 முதல் 2016 வரை: கதவு மூடியது, ஜன்னல் திறந்தது

இந்தப் பத்து ஆண்டுகளைப் பலர் பொற்காலம் என்பார்கள். சிலர் மனப்பாடக் காலம் என்பார்கள். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு.

சட்டப்படி எல்லோருக்கும் ஒரே ஒரு முயற்சி. மார்ச்சில் எழுதுகிற பிளஸ் டூ தேர்வுதான் எல்லாம். உயிரியலில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி மறந்துபோனால் கதை முடிந்தது. கட்-ஆஃப் இப்போது 200-க்கு. அரசுக் கல்லூரியில் பொதுப் பிரிவு இடம் என்றால் 197, 198 என்று பேசுவார்கள். பலர் ஒரே மதிப்பெண்ணில் நிற்பார்கள். உயிரியல் மதிப்பெண், வேதியியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் ராண்டம் எண் வரை போகும்.

ஒரே முயற்சிதான் என்று ஆனதும் என்ன நடந்தது? அந்த ஒரு முயற்சிக்கே இரண்டு வருடம் தயார் செய்யும் பள்ளிகளுக்கு மவுசு கூடியது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த உடனேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிற வழக்கம் அப்போது ஊரறிந்த ரகசியம். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கிடையாது, யாரும் கேட்கப் போவதில்லை. முதல் வருடம் ஒருமுறை, இரண்டாம் வருடம் மறுமுறை.

இதுவும் இம்ப்ரூவ்மெண்ட்தானே? என்ன வித்தியாசம் என்றால், மாமா காலத்தில் இரண்டாம் முறை என்பது தேர்வுக்குப் பிறகு, வெளிப்படையாக நடந்தது. இந்தக் காலத்தில் தேர்வுக்கு முன்பே, பள்ளிக்குள்ளேயே நடந்தது. அரசுப் பள்ளியில் முறைப்படி பதினொன்று படித்துவிட்டுப் பன்னிரண்டுக்கு வந்த மாணவர் முதல் முறை எழுதுகிறார். பக்கத்து மேசையில் இருப்பவரும் 'முதல் முறை'தான், ஆனால் அதே புத்தகத்தை இரண்டாம் வருடமாகப் படிப்பவர்.

அதனால்தான் நுழைவுத் தேர்வு இல்லாத அந்த ஆண்டுகளிலும் மருத்துவத்தில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் வருடத்துக்குச் சில பத்துப் பேர்தான். நீட் வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்லுகிறவர்களும், நீட்டுக்கு முன்பு எல்லாம் சமமாக இருந்தது என்று நம்புகிறவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2017: இரண்டாம் முறையே முதல் வாசல்

நீட்டின் கதையும் ஒரே நாளில் வந்ததல்ல. 2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவிக்கை. 2013 மே 5 அன்று முதல் தேர்வு. அதே ஆண்டு ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே திரும்பப் பெற்றது. மே மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டதால் மாநிலங்களுக்கு ஒரு வருடம் விலக்கு கிடைத்தது. 2016-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கடைசியாகச் சேர்க்கை நடந்தது.

2017 பிப்ரவரியில் சட்டமன்றம் விலக்குக் கேட்டு மசோதாக்கள் நிறைவேற்றியது. ஒப்புதல் வரவில்லை. மாணவர்கள் பிளஸ் டூவும் எழுதி, நீட்டும் எழுதி, எது செல்லும் என்று தெரியாமல் ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று நீட் பட்டியல்படியே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டவர் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. இரண்டு எண்களும் ஒரே மாணவியுடையவை. செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2005 ஜூனைப் பற்றி மேலே எழுதியதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது ஒரு விதி, படித்து முடித்த பிறகு வேறு விதி. பன்னிரண்டு வருடம் கழித்தும் நாம் அதே தவறைத்தான் செய்தோம்.

நீட் வந்ததும் இரண்டாம் முறைக்கு மறுபடியும் அர்த்தம் வந்தது. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடப் பாடமும் உண்டு. பதினொன்றாம் வகுப்பை ஒதுக்கிவைத்துப் படித்தவர்கள் முதல் வருடம் திண்டாடினார்கள். 2017-18 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது இந்தப் பின்னணியில்தான்.

நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2018-ல் பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வயது வரம்பு வைத்தார்கள். அதுவும் 2022-ல் நீக்கப்பட்டது. எழுதியவர்கள் எண்ணிக்கை எப்படி ஏறியது என்று பாருங்கள். 2017-ல் பதிவு செய்தவர்கள் சுமார் 11 லட்சம். 2025-ல் எழுதியவர்கள் சுமார் 22 லட்சம். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த வருட வரிசையில் மறுபடி நிற்கிறார்கள். புதிதாகப் பிளஸ் டூ முடிப்பவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்கிறார்கள்.

இதில் தன் தவறு இல்லாமலே இரண்டாம் முறைக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. 2018-ல் தமிழில் கொடுத்த வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, பின்னர் ரத்தும் செய்தது. 2024-ல் கருணை மதிப்பெண் குழப்பத்தில் 1563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதில் வந்து எழுதியவர்கள் 813 பேர். வினாத்தாள் கசிவு பற்றிய வழக்கில் முழுத் தேர்வையும் ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தங்கை அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். செய்தியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதெல்லாம் எங்களுக்கும் நடக்குமா?" என்று கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ஒரு சதவீதக் கணக்கு

2021-ல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த அந்த அறிக்கையில் என் கண்ணில் பட்ட இரண்டு எண்கள் இவை. மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள், அதாவது ரிப்பீட்டர்கள், 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம்.

நான்கே வருடத்தில் எட்டில் ஒருவர் என்பது பத்தில் ஏழு பேர் என்று ஆகிவிட்டது. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நிம்மதியாகிவிட்டது. "அப்ப நம்ம பாப்பா மட்டும் இல்ல" என்றார். எனக்கோ கவலைதான் கூடியது. பத்தில் ஏழு பேர் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ எழுதி உள்ளே போகிறார்கள் என்றால், இது இனிமேல் இரண்டாவது வாய்ப்பு அல்ல. மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம் என்று சொல்கிறோமே, அதற்கு முன்னால் பெயரில்லாத ஒரு வருடம் சேர்ந்துவிட்டது. அந்த வருடத்துக்குக் கல்லூரி இல்லை, அடையாள அட்டை இல்லை, உதவித்தொகை இல்லை. பஸ்சில் மாணவர் சலுகைகூட இல்லை. கட்டணம் மட்டும் உண்டு.

எங்கள் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற மற்றதன் மதிப்பு. தங்கையின் இந்த வருடத்தை ஒரு பேரேட்டில் எழுதினால் பற்றுப் பக்கத்தில் பயிற்சிக் கட்டணம் ஒரு லட்சத்து இருபதாயிரம், புத்தகம், மாதிரித் தேர்வுகள், பஸ். அதற்காக அம்மாவின் வளையல்கள் அடகில் இருக்கின்றன, அதன் வட்டி. அதோடு அவள் சேராமல் விட்ட ஒரு வருடக் கல்லூரி. வரவுப் பக்கம் மே மாதம் வரை காலி.

இத்தனையும் எங்களால் முடிந்தது என்பதுதான் முக்கியம். கஷ்டப்பட்டுத்தான், ஆனால் முடிந்தது. தங்கையோடு அதே வகுப்பில் படித்த ஒரு பெண் இருக்கிறாள். முதல் முறை நீட்டில் தங்கையைவிடப் பன்னிரண்டு மதிப்பெண் அதிகம். அவள் இன்று நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், கீழே இரண்டு தம்பிகள். "ஒரு வருஷம் வீட்ல இருக்கேன்னு எப்படிண்ணா கேக்கறது?" என்று என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நர்சிங் குறைவான படிப்பு என்று நான் சொல்லவரவில்லை. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கியவள் வெளியே, குறைவாக வாங்கியவள் இன்னும் ஆட்டத்தில். இதில் தகுதி என்ற சொல்லை எங்கே வைப்பது?

ஆக...

இந்த நாற்பது வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தேர்வு முறை மூன்று முறை மாறியிருக்கிறது. நேர்காணல், என்ட்ரன்ஸ், பிளஸ் டூ, நீட். ஒவ்வொரு முறையும் நாம் சண்டை போட்டது எந்தத் தேர்வு என்பது பற்றி. ஆனால் எல்லாக் காலத்திலும் கையில் ஒரு வருடம் அதிகமாக வைத்திருந்தவருக்கு ஒரு வழி இருந்துகொண்டே இருந்தது. மாமா காலத்தில் சென்னையில் தங்கிப் படித்தவர் வைத்திருந்தார். விடுதிப் பள்ளிக்குப் பணம் கட்டியவர் வைத்திருந்தார். இன்று நாங்கள் வைத்திருக்கிறோம்.

2005-ல் செய்தது போல இரண்டாம் முறையைத் தடை செய்தால் சரியாகிவிடுமா? அப்படித் தோன்றவில்லை. தடை செய்தபோது அது பள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டதைப் பார்த்தோம். மேலும், பதினேழு வயதில் ஒரு நாள் மதியம் மூன்று மணி நேரத்தில் நடந்ததை வைத்து ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்வதும் கொடுமைதான். ஒருநாள் காய்ச்சலாக இருந்திருக்கலாம். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கலாம். இரண்டாம் முறை இருக்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால் அந்த வருடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நீதிபதி பி.கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு வந்த சட்டம் அது. முதல் வருடமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள். இரண்டு பேர் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது என்று நான் நினைக்கிறேன். நீட்டிலிருந்தே விலக்குக் கேட்ட 2021 மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆக, தேர்வு எப்போது போகும் என்று காத்திருப்பதைவிட, அந்தப் பெயரில்லாத வருடத்துக்கு ஒரு பெயரும் ஒரு உதவித்தொகையும் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். முதல் முறை ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கி, வீட்டு நிலைமையால் நிறுத்திக்கொள்கிற மாணவருக்கு ஒரு வருடம் தங்குமிடமும் பயிற்சியும். இது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு காமர்ஸ் மாணவனின் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். போட்டுவிட்டோமே என்பதற்காக மேலும் மேலும் போட்டுக்கொண்டே போகக் கூடாது, மூழ்கிய செலவு மூழ்கியதுதான் என்று. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற விதியில் இருக்கும் ஆபத்து இதுதான். நிறுத்துகிற நாளை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். போன வாரம் தைரியமாகத் தங்கையிடமே கேட்டேன், இந்த முறையும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று. அம்மா சமையலறையிலிருந்து என்னை முறைத்தார்.

அவள் மட்டும் கோபப்படவில்லை. "பி.எஸ்சி. ஜுவாலஜி ஃபார்ம் வாங்கிப் போடுவேன். மூணாவது தடவை கிடையாது. அப்பாகிட்ட ஜூலையிலேயே சொல்லிட்டேன்" என்றாள். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் அப்படி யார்கிட்டயும் சொல்லிக்கல. அதான் ரொம்ப நாள் உள்ளேயே இருந்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நர்சிங் தோழி வீட்டுக்கு வருகிறாள். தங்கைக்கு உயிரியல் கேள்வி கேட்டுத் திருத்துவது அவள்தான். இன்னும் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. போன ஞாயிறும் வந்திருந்தாள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.